அறுபது, எண்பது, நூறு

சித்திரை வெயிலில் ஒரு பெண்ணைத் தகரக் கேபினுக்குள் வைத்துப் பூட்ட எந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்று கேட்டிருந்தால், காண்ட்ராக்டர் நல்லசாமி, "பூட்டலீங்க, உட்கார வெச்சிருக்கறேன்" என்றுதான் சொல்லியிருப்பார். கதவுக்கு வெளியே தொங்கிய பூட்டுக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியவில்லை.

உள்ளே இருந்தவள் எழில்மதி. கேபின் என்பது பேருக்குத்தான்; லாரியில் கொண்டுவந்து இறக்கிய இரும்புப் பெட்டி அது. ஒரு மேஜை, நாலு பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் வெள்ளைப் போர்டு, மூலையில் தூரம் அளக்கும் சக்கரம், அனலையே திருப்பித் திருப்பி முகத்தில் அடிக்கும் ஒரு ஃபேன். ஜன்னல் இருந்தது, அதற்கும் கம்பி போட்டிருந்தார்கள். மேஜைமேல் ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும். 'தியோடலைட்டை நான்தான் எடுத்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போலீசுக்குப் போகாமல் பேசி முடித்துக்கொள்ளலாம், போடாவிட்டால் சாயங்காலம் போலீஸ் வரும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார் நல்லசாமி. முன்னே போனால் முட்டும், பின்னே வந்தால் உதைக்கும் என்கிற கதைதான்.

தியோடலைட் என்றால் கோணம் அளக்கிற கருவி. மூன்று கால் ஸ்டாண்டில் ஏற்றி, அதன் குழாய் வழியாக ஒரு மூலையைப் பார்த்து, திருப்பி இன்னொரு மூலையைப் பார்த்தால் நடுவே எத்தனை டிகிரி என்று காட்டிவிடும். தூரம் காட்டாது. பண்ருட்டியில் வாடகைக்கு எடுத்தது, ஆர்மோனியம் அளவுக்கு ஒரு மஞ்சள் பெட்டியில் இருக்கும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பெட்டியோடு காணோம்.

காண்ட்ராக்ட் ஆளுக்குப் பாஸ்தான் உயிர். அது இல்லாமல் எந்த கேட்டையும் தாண்ட முடியாது. முத்தாண்டிக்குப்பத்தில் எழில்மதியின் தெருப் பெண்களுக்குக் கிடைத்த பாஸ் எல்லாம் துடைப்பத்துக்கான பாஸ். அவள்தான் பாலிடெக்னிக்கில் சிவில் படித்து, 'சர்வே' என்று அச்சடித்த பாஸை முதன்முதலில் கழுத்தில் மாட்டினாள். திருடி என்று பேர் வந்தால் அது போச்சு. பேரும் வந்துவிட்டது: கேபினுக்குள் அடைபட்ட கொஞ்ச நேரத்திலேயே, பழைய சைட்டில் கூட வேலை பார்த்த இசைப்பிரியா ஒரு செய்தியை அனுப்பி, இது என்னடி என்று கேட்டிருந்தாள். இசைப்பிரியாவும் இருக்கிற காண்ட்ராக்டர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் நல்லசாமி போட்டது அது. எழில்மதியின் பாஸ் போட்டோ, கீழே 'கருவி திருட்டு, இந்தப் பெண்ணுக்கு யாரும் வேலை கொடுக்க வேண்டாம்' என்று ஒரு வரி. அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை, மூச்சுதான் முட்டியது.

அவளுடைய போனைப் பிடுங்க நல்லசாமிக்குத் தோன்றவில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள். அவள் அம்மாவைக் கூப்பிட்டாள். நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ் பிளாக் ஒன்றில் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்த சாமியம்மாள், துடைப்பத்தைப் போட்டுவிட்டு, போனைக் காதோடு அழுத்தியபடி ஓடி நின்ற வாசல் கிருஷ்ணப்ரியாவுடையது.

கிருஷ்ணப்ரியா திருநெல்வேலிக்காரி. கணவர் சுரங்கத்தில் ஷிப்ட் இன்ஜினீயர். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக விபத்தும் தீவிபத்தும் உண்மையா பொய்யா என்று விசாரிக்கிற வேலையில் பல வருஷம் இருந்தவள். வேலையை விட்டாலும் அந்தக் குணம் விடவில்லை. பிளாக்கில் செயின் காணோம், யாரோ மொட்டைக் கடுதாசி போடுகிறார்கள் என்றால் ஜனங்கள் அவள் வீட்டுக் காலிங் பெல்லைத்தான் அழுத்துவார்கள். குரலை உயர்த்தி அவள் பேசி யாரும் கேட்டதில்லை.

போனை வாங்கியவள் முதலில் கேட்டது, கையெழுத்துப் போட்டாயா என்று. இல்லை என்றாள் எழில்மதி. "போடாத. நான் வந்துட்டே இருக்கேன். அதுக்குள்ள காலையிலேர்ந்து நடந்ததைச் சொல்லு. உனக்குப் பாதகமா இருக்கிறதையும் சேர்த்துச் சொல்லு" என்றாள்.

எழில்மதி சொன்னாள். அது மழைநீர்க் குளம் வெட்டப்போகிற மைதானம். கம்பி வேலி போட்ட முக்கோணம். ஒரு மூலையில் கேட், ஒரு மூலையில் தண்ணீர் டேங்க், அதன் கீழே எப்போதும் கசியும் வால்வுக் குழி, ஒரு மூலையில் பழைய பம்ப் ஹவுஸ். காலையில் ஒவ்வொரு மூலையிலும் தியோடலைட்டை நிறுத்திக் கோணம் அளந்தது அவள். அவள் சொல்லச் சொல்லப் போர்டில் எழுதியவன் சூப்பர்வைசர் சிவக்குமார், நல்லசாமியின் மனைவிக்குத் தம்பி. கேட்டிலிருந்து டேங்க் வரை தார்ப்பாதை, நடுவில் கேபின். அந்தப் பக்கத்தை இரண்டு பேரும் டேப் பிடித்து அளந்தார்கள், நல்லசாமியும் கூட நின்றார். அறுபது மீட்டர். மற்ற இரண்டு பக்கமும் முந்தின நாள் கோடை மழையில் சேறாகிக் கிடந்ததால் சாப்பிட்டுவிட்டு அளக்கலாம் என்று நிறுத்தினார்கள். சாப்பாடு முடிந்ததும், தண்ணீர் கேன் வண்டி வரும், கேட்டில் போய் நின்று வாங்கு என்று சிவக்குமார் அவளை அனுப்பினான். கேபினில் அப்போது அவன் இருந்தான். அவள் திரும்பி வந்தபோது அவனும் இல்லை, மஞ்சள் பெட்டியும் இல்லை.

சிவக்குமார் சொல்வது நேர் மாறு. சாப்பிட்ட கையோடு சக்கரத்தை எடுத்துக்கொண்டு மிச்சப் பக்கங்களை அளக்கக் கிளம்பிவிட்டானாம். கேபின் அவள் பொறுப்பில்தான் இருந்ததாம். கேட்டில் பையைச் சோதிக்காமல் யாரையும் விடமாட்டார்கள் என்பதால், வேலிக்கு அந்தப் பக்கம் ஆள் வைத்துத் தூக்கிக் கொடுத்திருப்பாள் என்பது நல்லசாமியின் முடிவு. அவள் ஊர்க்காரர்கள் வேலிக்கு அந்தாண்டதான் இருக்கிறார்கள் என்பதே அவருக்குப் போதுமான சாட்சியாக இருந்தது.

பாதகமானது ஏதாவது, என்று கிருஷ்ணப்ரியா மறுபடி கேட்டாள். எழில்மதி தயங்கிவிட்டு, கேபினில் கடைசியாக அவனைப் பார்த்ததற்குத் தன்னைத் தவிர சாட்சி யாரும் இல்லை என்றாள்.

கொஞ்ச நேரத்தில் ஆட்டோச் சத்தம் கேட்டது. ஆட்டோவை ஓட்டி வந்தவர் அய்யனார். கிருஷ்ணப்ரியா விசாரணைக்குப் போகும் இடத்துக்கெல்லாம் அவர்தான் வண்டி. மீட்டர் போடாததற்குப் பதிலாக ஆளுக்கு முந்திக் குற்றவாளியைக் கண்டுபிடித்துச் சொல்லும் உரிமையை எடுத்துக்கொண்டவர். இதுவரை அவர் காட்டிய ஆள் ஒருத்தர்கூடக் குற்றவாளியாக இருந்ததில்லை, ஆனாலும் மனுஷர் சளைப்பதில்லை. ஜன்னல் கம்பி வழியாக எட்டிப் பார்த்து, "பயந்துக்காத பாப்பா, கேட்டுல ஒருத்தன் முழிச்சிகினு நிக்கிறான், அவன் மேலதான் எனக்கு டவுட்டு" என்றார்.

இன்ஜினீயர் சம்சாரம் என்று ஆட்டோவை விட்ட கேட்டில், சாமியம்மாளை மட்டும், பாஸ் வேறு சைட்டுக்கு என்று நிறுத்திவிட்டார்கள். கிருஷ்ணப்ரியாவிடம் நல்லசாமி முதலில் எகிறினார். இது எங்க சைட்டு விவகாரமுங்க, நீங்க யாருங்க என்றார். அவள் நிதானமாக, ஒரு பெண்ணைப் பூட்டி வைத்திருக்கிறீர்கள், நான் போலீசைக் கூப்பிட்டால் அவர்கள் முதலில் கேட்கப்போவது தியோடலைட்டைப் பற்றி அல்ல என்றாள். அவர் சட்டைப்பையைத் தடவிச் சாவியை எடுத்தார்.

கதவு திறந்தது. வெளிச்சமும் கொஞ்சம் காற்றும் உள்ளே வந்தன. "வா, போகலாம்ன்னா இப்பவே போகலாம்" என்றாள் கிருஷ்ணப்ரியா.

எழில்மதி எழுந்தாள். வாசல் நாலடி தூரத்தில் இருந்தது. ஆனால் இப்போது அந்த வாசலைத் தாண்டினால், திருடி தப்பித்து ஓடினாள் என்பது குரூப்பில் அடுத்த செய்தியாக வரும். பூட்டைத் திறந்தும் போக முடியாமல் ஒருத்தியை அடைத்து வைக்க முடியும் என்பது அவளுக்கு அந்த நிமிஷம்தான் புரிந்தது, புரிந்ததும் அடிவயிற்றில் ஆத்திரம் மூண்டது.

"போவல மேடம். எடுத்தது யாருன்னு தெரியற வரைக்கும் இங்கதான் இருப்பேன்" என்று மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்தாள். கிருஷ்ணப்ரியா அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சிவக்குமாரையும் உள்ளே வரச்சொன்னாள். ஐந்து பேர் நின்றால் நெருக்குகிற கேபின் அது. வியர்வை நாற்றமும் சூடான இரும்பின் நாற்றமும் கலந்து அடித்தன.

சிவக்குமார் பார்க்க வாட்டசாட்டமானவன். பேச்சில் மரியாதைக்குக் குறைவில்லை. கிருஷ்ணப்ரியா வழக்கைப் பற்றிக் கேட்காமல், இதற்கு முன்னால் என்ன வேலை பார்த்தீர்கள் என்று சும்மா பேச்சுக் கொடுத்தாள். வீடு கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தானாம், நெல்லிக்குப்பம் பக்கம் அவன் கட்டிய வீடுகள் வரிசையாக நிற்கின்றனவாம். "மூலை மட்டம் பாக்க எனக்கு இந்த மெஷின் எல்லாம் வேணாம் மேடம். முடிச்சுப் போட்ட கயிறு ஒண்ணு போதும். இதெல்லாம் இந்தப் பொண்ணு மாதிரி படிச்சவங்களுக்கு" என்று எழில்மதியைப் பார்த்துச் சிரித்தான்.

மூலையில் இருந்த சக்கரத்தைக் கிருஷ்ணப்ரியா தொட்டுப் பார்த்தாள். சைக்கிள் சக்கரம் போல ஒற்றைச் சக்கரம், நீளக் கைப்பிடி, உருட்டிக்கொண்டு நடந்தால் எத்தனை மீட்டர் என்று எண் காட்டும். பளிச்சென்று இருந்தது. வெளியே இத்தனை செம்மண் சேறு, இதில் ஒரு பொட்டு இல்லையே என்றாள். கழுவிவிட்டேன் என்றான். ஷூவும் சுத்தமாக இருக்கிறதே என்றாள். அதையும் கழுவிவிட்டேன், பொருளை மரியாதையாக வைத்துக்கொள்வது என் பழக்கம் என்றான். குறை சொல்ல முடியாத பதில்தான். அவனுடைய சாம்பல் நிறப் பேண்ட்டின் இரண்டு முழங்காலிலும் பச்சையாக ஏதோ கறை இருந்ததை எழில்மதி அப்போதுதான் கவனித்தாள். சகதியில் வழுக்கியிருப்பான் என்று நினைத்துக்கொண்டாள்.

"அளந்தது எவ்வளவு வந்துச்சு?" என்று கேட்டாள் கிருஷ்ணப்ரியா.

அதை அப்போதே மாமாவுக்கு போனில் அனுப்பிவிட்டதாக அவன் சொல்ல, நல்லசாமி தன் போனைத் திறந்து படித்தார். கேட்டிலிருந்து பம்ப் ஹவுஸ் எண்பது மீட்டர். பம்ப் ஹவுஸிலிருந்து டேங்க் நூறு மீட்டர். காலையில் அளந்த கேட்–டேங்க் அறுபது.

அந்த எண்களை எழில்மதி முதல் தடவையாகக் கேட்டாள். அறுபது, எண்பது, நூறு. எங்கேயோ நெருடியது. ஆனால் பயத்தில் புத்தி வேலை செய்யவில்லை; எது நெருடுகிறது என்று பிடிபடவில்லை.

அதற்குள் அய்யனார் போனில் கால்குலேட்டரைத் தட்டத் தொடங்கியிருந்தார். பிளஸ் டூ வரை கணக்கில் புலியாம் அவர். கேட் மூலை தொண்ணூறு டிகிரி என்று போர்டில் இருக்கிறது. செங்கோணம் என்றால் சின்னப் பக்கங்களின் வர்க்கத்தைக் கூட்டினால் பெரிய பக்கத்தின் வர்க்கம் வரவேண்டும். அறுபதின் வர்க்கம் மூவாயிரத்து அறுநூறு, எண்பதின் வர்க்கம் ஆறாயிரத்து நானூறு, கூட்டினால் பத்தாயிரம். நூறின் வர்க்கமும் பத்தாயிரம்.

"அச்சு அசலா வருது மேடம். நேர்ல அளக்காம இவ்ளோ கரெக்டா வராது. தம்பி மேல தப்பில்ல" என்றார். சிவக்குமார் அவருக்குக் கும்பிடு போடாத குறை. ஒத்தாசைக்கு வந்த மனுஷரே எதிராளிக்குச் சாட்சி சொல்லிவிட்டாரே என்று எழில்மதி அய்யனாரை முறைத்தாள். தகரச் சுவர்கள் நாலும் ஒரு சாண் உள்ளே நகர்ந்த மாதிரி இருந்தது.

கிருஷ்ணப்ரியா யாரையும் பார்க்கவில்லை. போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழில்மதியும் பார்த்தாள். கேட் தொண்ணூறு, டேங்க் அறுபது, பம்ப் ஹவுஸ் முப்பது. சிவக்குமாரின் கொட்டை கொட்டையான கையெழுத்து.

முப்பது.

நெருடியது எது என்று அவளுக்குப் பிடிபட்டது. சொல்ல வாயெடுத்தவளைக் கிருஷ்ணப்ரியா கையால் அமர்த்தினாள். குற்றம் சாட்டப்பட்டவள் வாயிலிருந்து வந்தால் அது எடுபடாது என்று எழில்மதிக்கும் புரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இந்தக் கோணத்துல யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்று கிருஷ்ணப்ரியா கேட்டாள். இல்லை என்றார் நல்லசாமி. நான்தானே எழுதினேன் என்றான் சிவக்குமார்.

மேஜைமேல் கையெழுத்துக்காகக் காத்திருந்த வெள்ளைத்தாளை எடுத்து, மூன்று பக்கமும் சமமாக ஒரு முக்கோணம் வரைந்து, கோட்டோடு கிழித்தெடுத்தாள். "அண்ணாச்சி, இதுல மூணு பக்கமும் ஒண்ணுதான். மூணு மூலையும் அறுபது டிகிரி. சரிதானா?" நல்லசாமி தலையாட்டினார். அதை உச்சியிலிருந்து சரிபாதியாக மடித்தாள். "இப்ப பாருங்க. உச்சி மூலை பாதியாச்சு, முப்பது. இந்த மூலை அதே அறுபது. மடிச்ச இடத்துல தொண்ணூறு. உங்க மைதானம் இதுதான். இந்தச் சாய்வுப் பக்கத்தை நான் தொடவே இல்ல, முழுசா இருக்கு. அடிப்பக்கம் மட்டும் பாதியா மடிஞ்சிருக்கு. அப்ப பெரிய பக்கம் சின்னப் பக்கத்துல எத்தனை மடங்கு?"

"ரெண்டு மடங்கு" என்றார் நல்லசாமி, மெதுவாக.

"எப்பவுமே ரெண்டு மடங்கு. மூணு கோணமும் முடிவாயிட்டா முக்கோணத்தோட உருவம் கட்டுப்பட்டுப் போச்சு அண்ணாச்சி. அதைப் பெருசாக்கலாம், சிறுசாக்கலாம். பக்கங்களுக்கு நடுவுல இருக்கிற விகிதம் மாறாது. இந்த உருவத்துக்கு அது ஒண்ணு, ஒண்ணே முக்காலுக்குக் கொஞ்சம் கம்மி, ரெண்டு. சின்னப் பக்கம் அறுபது மீட்டர். அதை நீங்களே நின்னு அளந்தீங்க. அப்ப கேட்டிலேர்ந்து பம்ப் ஹவுஸ் நூத்திநாலு வரணும். பம்ப் ஹவுஸ்லேர்ந்து டேங்க் நூத்தியிருபது வரணும். இவர் எண்பதுங்கறார், நூறுங்கறார்."

அய்யனார் தன் கால்குலேட்டரைச் சந்தேகமாகப் பார்த்தார். அவர் கணக்கும் சரிதான் என்று கிருஷ்ணப்ரியா சொன்னாள். அறுபது, எண்பது, நூறு என்றால் செங்கோணம் வரும். ஆனால் பம்ப் ஹவுஸ் மூலையில் முப்பது வராது, முப்பத்தேழு வரும். அது வேறு முக்கோணம். அந்த மைதானம் நெய்வேலியில் இல்லை.

"வீடு கட்டறவங்க கயித்துல மூணு, நாலு, அஞ்சுன்னு முடிச்சுப் போட்டு மூலை மட்டம், அதாவது தொண்ணூறு டிகிரி, பாப்பாங்க. இவருக்கு அது கைப்பழக்கம். தொண்ணூறு டிகிரின்னு போர்டுல பாத்தார், அறுபது மீட்டர்ன்னு தெரியும். மூணுக்கு அறுபதுன்னா நாலுக்கு எண்பது, அஞ்சுக்கு நூறு. சேத்துல நடக்காமலே கணக்கு வந்திருச்சு. செங்கோணம்ன்னா எல்லாமே மூணு நாலு அஞ்சுதான்னு நெனச்சிட்டார். மத்த ரெண்டு மூலையை அவர் பாக்கவே இல்ல."

சிவக்குமாரின் முகம் கறுத்தது. ஆனால் லேசுப்பட்ட ஆள் இல்லை அவன். "சக்கரம் பொய் சொல்லாது மாமா. அவ கோணத்தைத் தப்பா அளந்திருக்கா. வேலை தெரியாதவளை வெச்சா இப்படித்தான்" என்றான்.

எழில்மதிக்குப் பகீரென்றது. திருட்டுப் பழியிலிருந்து தலையைத் தூக்கினால் வேலை தெரியாதவள் என்கிற பழி. இவன் ஒரு கதவைத் திறந்து இன்னொன்றைப் பூட்டுகிறான். மூன்று மூலையையும் அவள் தனித்தனியாக அளந்தாள், கூட்டினால் நூற்றியெண்பது வருகிறது, ஒன்றில் தப்பு நடந்திருந்தால் கூட்டல் உதைத்திருக்கும் என்று கிருஷ்ணப்ரியா சொன்னாள். நல்லசாமிக்கு அது ஏறியதாகத் தெரியவில்லை. அவர் மச்சானைப் பார்ப்பதும் போர்டைப் பார்ப்பதுமாக இருந்தார்.

"பேச்சு எதுக்கு. சக்கரம் இருக்கு, மைதானம் இருக்கு. அய்யனார் உருட்டட்டும். அண்ணாச்சி, நீங்க கூடவே நடங்க" என்றாள் கிருஷ்ணப்ரியா.

இரண்டு பேரும் போனார்கள். கேபினில் மூன்று பேர் மிஞ்சினார்கள். ஃபேன் கடகடத்தது. எழில்மதி கம்பி வழியாகப் பார்த்தாள். செம்மண்ணில் கால் புதையப் புதைய அய்யனார் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு போவதும், நல்லசாமி வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு பின்னால் போவதும் தெரிந்தது. பம்ப் ஹவுஸைத் தாண்டியதும் புதர் மறைத்துவிட்டது. காலையில் பம்ப் ஹவுஸ் மூலையில் ஸ்டாண்டைச் சரியாக மட்டம் பார்த்தோமா? பார்த்தோம். இரண்டாவது தடவை திருப்பி அளந்தோமா? அளந்தோம். நன்றாகத் தெரியும். ஆனாலும் சக்கரம் நூறு என்று காட்டிவிட்டால் இனி எந்தக் கருவி முன்னாலும் போய் நிற்கத் தனக்குத் தைரியம் வராது என்று அவளுக்குத் தோன்றியது.

சிவக்குமார், கொஞ்சம் வெளியே போய்விட்டு வருகிறேன் என்று எழுந்தான்.

"உக்காருங்க. அளவு வந்துரட்டும்" என்றாள் கிருஷ்ணப்ரியா. சத்தமே இல்லாமல் சொன்னாள். அவன் உட்கார்ந்தான். அவன் கழுத்தில் வியர்வை ஓடுவதை எழில்மதி பார்த்தாள். இந்தக் கேபின் எவ்வளவு சூடு என்று இனி அவனுக்கும் தெரியும்.

படியேறி வந்த அய்யனாரின் கால் எது, செருப்பு எது என்று தெரியவில்லை. சக்கரம் பூராவும் செம்மண் அப்பியிருந்தது. நல்லசாமி வாசலில் நின்றபடியே சொன்னார்: "நூத்திநாலு. அப்புறம் நூத்தியிருபது." சொல்லிவிட்டு மச்சானைப் பார்த்தார். "டேய் மாப்ள, நீ போகவே இல்லியாடா?"

பதிலைக் கிருஷ்ணப்ரியாதான் சொன்னாள். அளக்கப் போகாதவனுக்குக் கழுவ ஷூவும் இல்லை, சக்கரமும் இல்லை. அத்தனை அக்கறையாகச் சேற்றைக் கழுவியதாகச் சொன்னவன் முழங்கால் கறையை மட்டும் ஏன் விட்டான்? அது சேறு இல்லை என்பதால் அவன் கண்ணில் அது படவில்லை. பச்சைப் பாசி அது. சித்திரை மாதத்தில் இந்த மைதானத்தில் பாசி பிடிக்கிற அளவுக்கு எந்நேரமும் ஈரம் இருக்கிற இடம் ஒன்றுதான்: டேங்குக்குக் கீழே வால்வு வைத்த குழி. டேங்க் வரைக்கும் தார்ப்பாதை, காலில் மண் படாது. குழிக்குள் எதையாவது இறக்க வேண்டுமானால் ஓரத்தில் முழங்கால் போட்டுத்தான் ஆகவேண்டும். கேட்டில் சோதனை என்பதால் பொருள் வெளியே போயிருக்க முடியாது.

அவள் முடிக்கும் முன்னே அய்யனார் ஓடினார். சிமெண்ட் சாக்கில் சுற்றிய மஞ்சள் பெட்டியைக் கைக்குழந்தையைப் போல் தூக்கிக்கொண்டு வந்தார். கருவிக்கு ஒன்றும் ஆகவில்லை.

விற்பதற்கு எடுக்கவில்லை மாமா என்றான் சிவக்குமார். இரண்டு நாள் கழித்துத் தானே கண்டுபிடித்ததாகச் சொல்லிக் கொடுத்துவிடலாம் என்றிருந்தானாம். நெல்லிக்குப்பம் சைட்டுக்கு அளவு வேலைப் பொறுப்பை எழில்மதிக்குக் கொடுக்கப்போவதாக நல்லசாமி முந்தின வாரம் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். "நான் உன் வீட்டு ஆளு. அவளுக்குக் கீழ என்னை நிக்கச் சொல்றியா?" என்றான். இவ்வளவுதான் விஷயம். இதற்காகத்தான் ஒரு பெண் மத்தியானம் முழுக்கத் தகரத்துக்குள் வெந்தாள்.

நல்லசாமி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பொருள் கிடைத்துவிட்டது, குடும்ப விஷயம், இத்தோடு விட்டுவிடலாம் என்று கிருஷ்ணப்ரியாவிடம் குழைந்தார். எழில்மதியிடம், மனசில் வைத்துக்கொள்ளாதே அம்மிணி, நாளையிலிருந்து வழக்கம்போல வேலைக்கு வா, நெல்லிக்குப்பமும் உனக்குத்தான் என்றார். குரூப்பில் போட்டதை இதோ அழித்துவிட்டேன் என்று போனைக் காட்டினார்.

எழில்மதி எழுந்து போய்க் கதவருகே நின்றாள்.

"அழிச்சா பாக்காதவங்களுக்குத்தான் இல்ல சார். பாத்தவங்களுக்கு நான் இன்னும் திருடிதான். அதே குரூப்புல எழுதுங்க."

அவர் தட்டினார். 'எழில்மதி மேல் தவறு இல்லை' என்று எழுதிக் காட்டினார். அவள் தலையை ஆட்டினாள். அதை மட்டும் போட்டால், பாவம் மன்னிச்சு விட்டுட்டார் போல என்பார்கள். எடுத்தது யார் என்றும் எழுதவேண்டும் என்றாள்.

"வீட்டுல என்ன சொல்றதும்மா? அவன் அக்கா என்னைய உள்ளயே விடமாட்டா" என்றார் நல்லசாமி. போனைப் பிடித்த கை அப்படியே நின்றது. அந்தப் பக்கம் மச்சான், இந்தப் பக்கம் இவள், வாசலில் கிருஷ்ணப்ரியா. அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கடைசியில் எழுதினார், அனுப்பினார். எழில்மதி இசைப்பிரியாவை போனில் கூப்பிட்டு, செய்தி குரூப்பில் வந்ததா என்று உறுதி செய்துகொண்டு, அதைத் தன் போனுக்கும் வாங்கிக்கொண்ட பிறகுதான் வெளியே வந்தாள்.

கேட்டுக்கு அந்தப் பக்கம் சாமியம்மாள் வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். கூடவே தண்ணீர் வண்டிக்காரன், சித்தாள்கள், ஷிப்ட் பஸ்ஸுக்கு வந்தவர்கள் என்று ஒரு கூட்டம். மகளைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வுட்டுட்டாராடி? நானும் அவரு காலுல வுழுவலாம்னுதான் இங்கயே நின்னுகினு இருந்தேன். நல்ல மனுசன், மனசு எறங்கி வுட்டுட்டாரு."

"அவரு வுடலம்மா. நான் எடுக்கல, அதான் வந்தேன்" என்றாள் எழில்மதி. அம்மாவுக்கு எழுத்து தெரியாது. அதனால் அவளே போனை எடுத்து, கூட்டத்துக்கும் கேட்கிற மாதிரி படித்தாள். "எழில்மதி மேல் நான் போட்ட திருட்டுப் புகார் பொய். கருவியை எடுத்து ஒளித்தது என் மச்சான் சிவக்குமார். இப்படிக்கு நல்லசாமி."

கேட்டில் நின்ற காவல்காரன் தொப்பியைச் சரிசெய்துகொண்டான். சித்தாள் ஒருத்தி, அப்படிப் போடு என்றாள். சாமியம்மாள் முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துவிட்டு, மகளின் போனை உற்றுப் பார்த்தாள்.

"இன்னொரு தபா படி" என்றாள்.

எழில்மதி மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.